பதினான்கு பேர் கை தூக்கியும் தோற்ற தீர்மானம்: ஐந்து நாடுகளுக்கு மட்டும் வீட்டோ நியாயமா?

5 ஜூன் 2025, காலை (ஒரு வாசகரின் கேள்வி)

நேற்று ஐ.நா. பாதுகாப்புச் சபையில் காசா போர்நிறுத்தத் தீர்மானம். ஆதரவு 14, எதிர்ப்பு 1. அந்த ஒன்று அமெரிக்கா என்பதால் தீர்மானம் தோற்றுவிட்டதாம். எங்கள் ஊர் பால் சங்கத்தில் 14-க்கு 1 என்றால் ஜெயித்தது யார் என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். 193 நாடுகள் இருக்கும் இடத்தில் நிரந்தர உறுப்பினர்களான ஐந்து பேருக்கு (அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ்) மட்டும் இந்த வீட்டோ வரத்தை, ஒற்றை ஆளாக எதிர்த்தே தீர்மானத்தைத் தடுக்கும் அதிகாரத்தை, யார் கொடுத்தார்கள்? வீட்டோவைத் தூக்கிவிட்டால் உலகத்தின் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்பது என் கட்சி. மறுப்பவர் உண்டா?

5 ஜூன் 2025, இரவு

நான் மறுக்கிறேன். நானும் பாதிதான் மறுக்கிறேன்.

யாரும் கொடுக்கவில்லை, அவர்களே எடுத்துக்கொண்டார்கள். 1945 பிப்ரவரியில் யால்டாவில் ரூஸ்வெல்ட், சர்ச்சில், ஸ்டாலின் மூவரும் பேசி முடித்த விஷயம் அது. ஏப்ரலில் ஐ.நா.வை உருவாக்க சான்பிரான்சிஸ்கோவுக்கு ஐம்பது நாடுகள் வந்தபோது இலை போட்டுப் பரிமாறியாகிவிட்டது. ஆஸ்திரேலிய வெளியுறவு அமைச்சர் எவட்டும் நியூசிலாந்துப் பிரதமர் பிரேசரும் கடைசி வரை சண்டை போட்டார்கள். அமெரிக்க செனட்டர் டாம் கொனலி ஐ.நா. சாசனத்தின் ஒரு பிரதியைக் கையில் எடுத்துக் கிழித்துப் போட்டார். ஊருக்குப் போய் வீட்டோவைத் தோற்கடித்தோம் என்று சொல்லலாம், கூடவே சாசனத்தையும் கிழித்தோம் என்று சொல்ல வேண்டியிருக்கும் என்பது அவர் வாதம். சின்ன நாடுகள் வாயை மூடிக்கொண்டன. அந்தக் கூட்டத்தில் இந்தியக் குழுவின் தலைவர் நம் ஆற்காடு ராமசாமி முதலியார். நாட்டுக்கு விடுதலையே வரவில்லை, ஆனால் கையெழுத்துப் போட இடம் இருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஐ.நா.வுக்கு முன்னால் இருந்த சர்வதேச சங்கத்தில் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) முக்கிய முடிவுகளுக்கு எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும். அதாவது, எல்லோருக்கும் வீட்டோ. அந்தக் கணக்கில் 1945-ல் நடந்தது ஐந்து பேருக்குப் புதிதாகக் கொடுத்தது அல்ல, மற்றவர்களிடமிருந்து பிடுங்கியது. இதை யோசித்துப் பாருங்கள்.

சாசனத்தில் "வீட்டோ" என்ற சொல்லே கிடையாது. 27-ஆவது பிரிவில், பதினைந்து பேரில் ஒன்பது பேர் ஆதரிக்க வேண்டும், அதில் ஐவரும் இருக்க வேண்டும் என்று அன்றே எழுதி வைத்துவிட்டார்கள்.

6 ஜூன் 2025

மேலே கடைசி வரி தப்பு. அன்றே அல்ல. 1945-ல் சபைக்கு 11 பேர், தேவை 7 வாக்கு. 15, 9 என்பதெல்லாம் 1965-ல் வந்தது. காலையில் ஒருவர் தலையில் குட்டினார், நன்றி.

"ஐவரும் இருக்க வேண்டும்" என்பதும் எழுத்தில்தான். நடைமுறையில் ஐவரில் ஒருவர் வாக்களிக்காமல் ஒதுங்கினால் அது தடை ஆகாது. ஆரம்ப வருடங்களிலேயே பழக்கமாகிவிட்டது, 1971-ல் நமீபியா வழக்கில் உலக நீதிமன்றமும் சரி என்றது. எழுதியதை மாற்றாமலே அர்த்தத்தை மாற்றிக்கொள்ள அவர்களுக்குத் தெரிகிறது. பின்னால் இது வேண்டியிருக்கும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

8 ஜூன் 2025

"நீங்கள் ஏன் பாதி மறுக்கிறீர்கள்" என்று கேட்டிருக்கிறார். எங்கள் கிணற்றுக் கதையைச் சொல்கிறேன்.

பெருந்துறைப் பக்கம் எங்களுக்கு ஒரு கூட்டுக் கிணறு. தாத்தாவுக்கு நான்கு பையன்கள், கிணற்றில் நான்கு பங்கு, ஆளுக்கு ஒரு நாள் முறை. கிணறு இருப்பது பெரியப்பா காட்டில். வெட்டும்போது பாதிப் பணம் அவர் போட்டது என்று ஒரு பேச்சும் உண்டு. தண்ணீர் இறங்கிப்போய், உள்ளே சைடு போர் (கிணற்றுக்குள் பக்கவாட்டில் போடும் துளை) போடலாம் என்று மற்ற மூன்று பங்காளிகளும் முடிவு செய்தபோது அவர் வேண்டாம் என்றார். காரணம் சொல்லவில்லை. மூன்றுக்கு ஒன்று. போர் போடவில்லை. என் அப்பா இரண்டு போகம் காட்டைச் சும்மா போட்டார்.

எனக்கு அன்று இருபத்தைந்து வயது. கொதித்தேன். அப்பா சொன்னது: "அவனை மீறிப் போட்டிருந்தா கிணத்துல போர் வந்திருக்கும். முறை போயிருக்கும்." நான்கு பேரும் ஒரே கிணற்றில் இறைத்துக்கொண்டிருந்ததே பெரியப்பா அன்று கோபித்துக்கொண்டு போகாததால்தான். வீட்டோவுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் ஒரே உருப்படியான வாதமும் இதுதான். அமெரிக்காவோ ரஷ்யாவோ சம்மதிக்காத ஒன்றைச் சபை கட்டளையிட்டால் அடுத்து நடப்பது சபை உடைவது, அல்லது அணு ஆயுதம் வைத்திருப்பவர்களுக்குள் சண்டை.

ஒரு வேடிக்கை. பம்புசெட்டின் கரண்ட் சர்வீஸ் இன்றைக்கும் தாத்தா பெயரில்தான் இருக்கிறது. அவர் போனது 1983-ல். பெயர் மாற்ற எல்லா வாரிசுகளும் கையெழுத்துப் போட வேண்டும், யாராவது ஒருவர் போட மாட்டார். ஐ.நா. சாசனத்தின் 23-ஆவது பிரிவை எடுத்துப் பாருங்கள். நிரந்தர உறுப்பினர் பட்டியலில் இன்றும் "சீனக் குடியரசு", "சோவியத் சோஷலிசக் குடியரசுகளின் ஒன்றியம்" என்றே இருக்கிறது. முதல் பெயரில் உட்கார்ந்திருந்த தைவான் அரசை 1971-ல் எழுப்பிவிட்டு பெய்ஜிங்கை உட்கார வைத்தார்கள். இரண்டாவது பெயருக்கு உரிய நாடே 1991-ல் இல்லாமல் போனது, ரஷ்ய அதிபர் எல்த்சின் ஒரு கடிதம் எழுதினார், ரஷ்யா உட்கார்ந்துகொண்டது. பெயரை மட்டும் யாரும் தொடவில்லை. தொட்டால் கணக்குப் புத்தகத்தையே திறக்க வேண்டி வரும்.

9 ஜூன் 2025

"1971-ல் சோவியத் வீட்டோ இல்லாவிட்டால் வங்கதேசமே இல்லை, அதையும் தூக்கிவிடலாமா?" என்று ஒரு கேள்வி. நல்ல அடி.

அந்த டிசம்பரில் போரை நிறுத்து, படையைத் திருப்பு என்று வந்த தீர்மானங்களை சோவியத் மூன்று முறை தடுத்தது. எல்லா நாடுகளும் உட்காரும் பொதுச் சபையில் வீட்டோ கிடையாது. அங்கே 7-ஆம் தேதி 104-க்கு 11 என்று தோற்றோம். உலகம் நம் பக்கம் இருந்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்ததாகத்தான் எனக்கு ஞாபகம். 104-க்கு 11! ஆனால் பொதுச் சபை சொன்னால் அது யோசனைதான், கட்டளை அல்ல. 16-ஆம் தேதி டாக்காவில் சரணடைதல் முடிந்துவிட்டது.

பத்து வருடம் முன்னால் கோவா, போர்ச்சுகலிடமிருந்து அதை மீட்க நம் படை நுழைந்தபோது. 1961 டிசம்பர் 18. படையைத் திரும்பப் பெறு என்ற தீர்மானத்துக்கு ஆதரவு 7, எதிர்ப்பு 4. அன்றைய கணக்குக்கு 7 போதும். சோவியத்தின் ஒரு கைதான் நம்மைக் காப்பாற்றியது. எதிர்த்த நால்வரில் இலங்கையும் ஒன்று என்பது பலருக்குத் தெரியாது.

அதே வங்கதேசம் 1972-ல் ஐ.நா.வில் சேர வந்தபோது தடுத்தது சீனா. பெய்ஜிங் தன் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு போட்ட முதல் வீட்டோ அது. அடித்து நொறுக்கப்பட்ட ஒரு நாடு வாசலில் இரண்டு வருடம் நின்றது.

ஆக, நமக்கு வேண்டியவர் தடுத்தால் ராஜதந்திரம், வேண்டாதவர் தடுத்தால் அராஜகம். 5-ஆம் தேதி கேட்டவரைக் குறை சொல்லவில்லை. நானும் அப்படித்தான் வளர்ந்தேன்.

11 ஜூன் 2025

இன்று மழை, வெளியே போகவில்லை. வீட்டோவின் சில்லறைச் சண்டைகளைப் பார்ப்போம்.

இலங்கை 1948-ல் விடுதலை பெற்று விண்ணப்பம் போட்டது. உள்ளே நுழைய 1955 டிசம்பர் ஆயிற்று. பிரிட்டிஷ் படைத்தளம் இருக்கிறதே, இது என்ன சுதந்திரம் என்று சோவியத் தடுத்துக்கொண்டே இருந்தது. உண்மையான காரணம், தன் ஆட்களை மேற்கு உள்ளே விடவில்லை, அதனால் மேற்கின் ஆட்களைத் தான் விடவில்லை. கடைசியில் மொத்த வியாபாரம், ஒரே நாளில் 16 நாடுகள். அந்த மூட்டையில் மங்கோலியாவும் ஜப்பானும் இருந்திருக்க வேண்டும். மங்கோலியாவைத் தைவான் சீனா தடுக்க, பதிலுக்கு ஜப்பானை சோவியத் தடுத்தது. ஜப்பான் இன்னும் ஒரு வருடம் காத்திருந்தது. பங்காளிச் சண்டையில் பந்தியில் உட்கார்ந்த மாப்பிள்ளையை எழுப்பிவிடுவார்களே, அது மாதிரி.

1999-ல் மாசிடோனியா தைவானோடு உறவு வைத்தது. அடுத்த மாதமே அங்கிருந்த ஐ.நா. அமைதிப்படையை நீட்டிக்கச் சீனா மறுத்தது. படைக்கு இனித் தேவையில்லையாம், அதுதான் காரணமாம்.

1981-ல் பொதுச் செயலாளர் தேர்வு. பதவியில் இருந்த வால்டெய்மைச் சீனா 16 சுற்று தடுத்தது. தான்சானியாவின் சலீமை அமெரிக்கா தடுத்தது. இருவரும் களைத்துப்போக, பெருவின் பெரஸ் டி கொய்யார் வந்தார். 1996-ல் பதவியில் இருந்த பூட்ரஸ் காலிக்கு 14 பேர் ஆதரவு, அமெரிக்கா ஒன்று எதிர்ப்பு. அவர் போனார், கோஃபி அன்னான் வந்தார். மேலே கேட்டவரின் 14-க்கு 1 புதிய கணக்கு அல்ல.

பிரிட்டனும் பிரான்சும் 1989 டிசம்பருக்குப் பிறகு வீட்டோ போடவே இல்லை. நல்லவர்களாகிவிட்டார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பக்கத்தில் அமெரிக்கா கை தூக்கும்போது இவர்கள் எதற்குத் தூக்க வேண்டும்?

15 ஜூன் 2025

இதை எழுதலாமா என்று நான்கு நாள் யோசித்தேன்.

வீட்டோவை எடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும் என்ற வாதத்தை நான் 2009-ல் நம்பினேன். முள்ளிவாய்க்காலின் அந்த ஐந்து மாதமும் ராத்திரி ராத்திரியாகச் செய்தி படித்துவிட்டு, சீனாவும் ரஷ்யாவும் வீட்டோ போட்டுத் தடுத்துவிட்டார்கள் என்று பலரிடம் சொன்னேன். மேடையில்கூட ஒரு முறை சொன்னேன். தப்பு. ஒரு வீட்டோவும் விழவில்லை. விழுவதற்குத் தீர்மானமே வரவில்லை. இலங்கை அந்தச் சபையின் முறையான நிகழ்ச்சி நிரலிலேயே ஏறவில்லை. கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு அறையில், பதிவு இல்லாமல், "முறைசாரா உரையாடல்" என்று பேசினார்கள். மே 13-ஆம் தேதி பத்திரிகைகளுக்கு ஒரு அறிக்கை. அவ்வளவுதான்.

இங்கேதான் எனக்கு வயிற்றெரிச்சல். ஒரு விஷயத்தை நிகழ்ச்சி நிரலில் சேர்ப்பது நடைமுறை வாக்கு. அதற்கு வீட்டோ செல்லாது. ஒன்பது கை போதும். 2006 செப்டம்பரில் மியான்மரை அப்படித்தான் சேர்த்தார்கள், 10-க்கு 4. சீனாவும் ரஷ்யாவும் எதிர்த்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை. 2007 ஜனவரியில் தீர்மானம் வந்தபோது இருவரும் சேர்ந்து தடுத்தார்கள், அது வேறு. ஆனால் கை தூக்கியது யார் என்று உலகம் பார்த்தது. 2009-ல் அந்த ஒன்பது கையைத் திரட்ட யாரும் முயலவில்லை. மேற்கு நாடுகள் சீனாவின் பின்னால் ஒளிந்துகொண்டன என்றுதான் நான் சொல்வேன். தடுக்கப் போகிறான், எதற்குக் கொண்டுவர வேண்டும்? தடுக்கிறவனுக்கும் கை வலிக்கவில்லை, கொண்டுவராதவனுக்கும் கெட்ட பெயர் இல்லை.

அடுத்தது இன்னும் மோசம். வீட்டோ இல்லாத சபை ஒன்று ஜெனீவாவில் இருக்கிறது, மனித உரிமைப் பேரவை. 47 நாடுகள், ஆளுக்கு ஒரு வாக்கு, பெரும்பான்மை. மே 27-ஆம் தேதி சிறப்புக் கூட்டம் போட்டார்கள். வந்த முடிவு இலங்கை அரசைப் பாராட்டும் தீர்மானம். ஆதரவு 29, எதிர்ப்பு 12, ஒதுங்கியவர் 6. இந்தியா 29-ல் ஒன்று. இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011-ல் எழுதியது. 2012-ல் ஐ.நா. தன்னைத் தானே விசாரித்துக்கொண்டு, தன் அமைப்பே தவறியது என்று ஒத்துக்கொண்டது.

ருவாண்டாவும் இதே கதைதான். 1994 ஏப்ரல் 21, இனப்படுகொலை உச்சத்தில் இருக்கும்போது ஐ.நா. படையை 270 ஆளாகக் குறைக்கும் தீர்மானம். வீட்டோ கிடையாது, எதிர்ப்பும் கிடையாது. கொலைகார அரசின் பிரதிநிதியே அந்த வருடம் சபை உறுப்பினராக உட்கார்ந்திருந்தார்.

இப்போது சொல்லுங்கள், வீட்டோவை எடுத்தால் பாதி தீருமா?

16 ஜூன் 2025

நான் வீட்டோவுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். ஐயா, இல்லை. நேற்று எழுதியதையே இன்று மறுபடி படித்தேன், ஒரு இடம் எனக்கே உறுத்துகிறது. யாரும் வீட்டோ போடாததால் வீட்டோவுக்குப் பங்கில்லை என்ற தொனி வந்துவிட்டது. பங்கு உண்டு. சபையில் எண்ணப்படும் வீட்டோக்கள், சோவியத்தும் ரஷ்யாவும் சேர்ந்து 120-க்கு மேல், அமெரிக்கா 80-க்கு மேல், இதெல்லாம் வெளியே தெரிகிற கணக்கு. கொண்டுவரப் பயந்து மேசைக்கு வராமலே போனவற்றை எண்ண ஆள் இல்லை. என் பெரியப்பா வாழ்நாளில் "வேண்டாம்" என்று வாய் திறந்தது நான்கைந்து தடவை இருக்கும். மற்றதெல்லாம், அவர் என்ன சொல்வாரோ என்று நாங்களே கேட்காமல் விட்டவை.

2 ஜூலை 2025

சரி, என்ன செய்யலாம்?

இந்தியா, ஜப்பான், ஜெர்மனி, பிரேசில் நால்வரும் 2005-ல் ஒரு வரைவு வைத்தார்கள். புதிதாக ஆறு நிரந்தர இடம், ஆனால் 15 வருடம் வீட்டோவைப் பயன்படுத்த மாட்டோம், அப்புறம் பேசிக்கொள்ளலாம். அன்றே நடந்திருந்தால் 2020-ல் பேசியிருப்பார்கள். ஆப்பிரிக்கா ஒப்பவில்லை. எங்கள் கண்டத்துக்கு ஒரு நிரந்தர இடம்கூட இல்லை, வந்தால் வீட்டோவோடுதான் வருவோம் என்றது. நியாயமான ரோஷம். ஆனால் நம்மூரில் இதைப் பேசுகிறவர்கள் முக்கால்வாசிப் பேருக்கு வீட்டோ அநியாயம் என்ற கவலை இல்லை. நமக்கு இல்லையே என்ற கவலைதான். ஆறாவது ஆளுக்குக் கொடுத்தால் கிணற்றில் தண்ணீர் கூடுமா?

திருத்தவே முடியாது என்பவர்களுக்கு 1963-ஐ ஞாபகப்படுத்துகிறேன். சபையை 11-லிருந்து 15 ஆக்கும் திருத்தம் பொதுச் சபைக்கு வந்தது. ஐவரில் ஆதரித்தது தைவான் சீனா மட்டும். சோவியத்தும் பிரான்சும் எதிர்ப்பு, அமெரிக்காவும் பிரிட்டனும் ஒதுங்கின. இருந்தும் இரண்டே வருடத்தில் ஐந்து பேரும் ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள். புதிதாக விடுதலையான ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளை யார் பகைத்துக்கொள்வது என்ற பயம்தான்.

என் ஆசை சின்னது. 27-ஆவது பிரிவின் கடைசியில் ஒரு வாசகம் இருக்கிறது: தகராறில் ஒரு கட்சியாக இருப்பவர் வாக்களிக்கக் கூடாது. வரப்புத் தகராறில் வாதியே நாட்டாமையாக உட்காரக் கூடாது என்கிற அதே விதி. இதை அமல்படுத்தியிருந்தால் 2022 பிப்ரவரி 25-ஆம் தேதி உக்ரைன் தீர்மானத்தை ரஷ்யா தடுத்திருக்க முடியாது. அந்த மாதம் சபைத் தலைவரும் ரஷ்யாதான்!

3 ஜூலை 2025

மறுபடியும் அவசரப்பட்டுவிட்டேன். அந்த வாசகம் ஆறாம் அத்தியாயத்துக்கு, அதாவது சமாதானமாகத் தீர்க்கும் வழிகளுக்குத்தான். தடை, படை என்று கட்டளையிடும் ஏழாம் அத்தியாயத்துக்கு இல்லை. தவிர, "தகராறு" வேறு "நிலவரம்" வேறு என்று வழக்கறிஞர்கள் பிரித்துவைத்திருக்கிறார்கள். அதனால் பல வருடங்களாக அந்த விதி தூசி படிந்து கிடக்கிறது. ஒதுங்கினால் தடை ஆகாது என்று எழுத்தை மீறி அர்த்தம் கண்டுபிடித்தவர்களுக்கு, எழுதியே இருக்கிற இதற்கு மட்டும் அர்த்தம் தெரியவில்லை.

சர்வதேசப் பணநிதியத்தை (ஐ.எம்.எஃப்.) பற்றியும் கேட்டிருக்கிறார்கள். அங்கே பெரிய முடிவுகளுக்கு 85 சதவீதம் வேண்டும், அமெரிக்காவின் வாக்கு 16-க்கு மேல். வீட்டோ என்று பெயர் வைக்காத வீட்டோ. அது தனிக் கச்சேரி, இங்கே வேண்டாம்.

20 ஜூலை 2025

ஜூன் 8-ஆம் தேதி எழுதிய கிணற்றுக் கதையில் ஒன்றை மறைத்தேன். "யாராவது ஒருவர் போட மாட்டார்" என்று எழுதினேன் அல்லவா? இப்போது கையெழுத்துப் போடாதவன் நான்தான்.

பெரியப்பா போய்விட்டார். அவர் மகன், எனக்கு அண்ணன், பம்புசெட்டின் கரண்ட் சர்வீஸைத் தன் பெயருக்கு மாற்றி மோட்டாரைப் புதிதாக்கப் பார்க்கிறார். மற்ற இரண்டு வீடும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. என்னிடம் தாள் வந்து இரண்டு வருடம் ஆகிறது. நான் கோவையில் இருக்கிறேன், காட்டைக் குத்தகைக்கு விட்டிருக்கிறேன், அந்தத் தண்ணீரில் கை நனைத்துப் பல வருடம். ஆனாலும் போடவில்லை. சர்வீஸ் அவர் பெயருக்குப் போனால் எங்கள் பங்கு வெறும் வாய்ப்பேச்சாகிவிடுமோ, முதலில் பங்கைப் பத்திரத்தில் எழுதட்டும் என்பது என் காரணம். இதை அவரிடம் இன்றுவரை சொன்னதில்லை. "பார்க்கலாம்ணா" என்றுதான் சொல்கிறேன். பெரியப்பாவுக்கும் ஒரு காரணம் இருந்திருக்கும். சைடு போர் போட்டால் கிணற்றுச் சுவர் சரியும் என்று பயந்தாரோ என்னவோ. நாங்களும் கேட்கவில்லை.

19 செப்டம்பர் 2025

நேற்று மறுபடியும் காசா. மறுபடியும் 14-க்கு 1, அதே ஒன்று. பாதுகாப்புச் சபையின் 10,000-ஆவது கூட்டமாம்.

ஜூன் 5-ஆம் தேதி கேட்டவர், "இப்போதாவது என் கட்சிக்கு வருகிறீர்களா" என்கிறார். கோபத்துக்கு வருகிறேன். கணக்குக்கு வரவில்லை. ஆனால் ஒரு சின்ன விஷயத்தை ஜூலையில் எழுதாமல் விட்டது தப்பு. உக்ரைன் போர் தொடங்கி இரண்டு மாதத்தில், 2022 ஏப்ரல் 26 அன்று, லிக்டென்ஸ்டைன் முன்நின்று பொதுச் சபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. நம் தாலுகா ஒன்றைவிடச் சின்ன நாடு. யார் வீட்டோ போட்டாலும் பத்து வேலை நாளுக்குள் பொதுச் சபை கூட வேண்டும், போட்டவரைப் பேச அழைக்க வேண்டும். வாக்கெடுப்பே இல்லாமல் நிறைவேறியது. தடையை நீக்காது, தண்டனையும் இல்லை. 193 பேர் முன்னால் வந்து ஏன் தடுத்தேன் என்று சொல்லச் சொல்கிறது. இது வெறும் சடங்கு என்று முதலில் நினைத்தேன். 2009-ல் கீழ்த்தள அறையில் நடந்ததோடு வைத்துப் பார்த்தால் சடங்கு மாதிரித் தெரியவில்லை.

இதை நேற்று ராத்திரி வீட்டில் படித்துக் காட்டினேன். மனைவி கேட்டாள்: "அவங்களுக்கே பத்து நாள் கெடுவாம். நீங்க உங்க அண்ணனுக்கு எத்தனை நாள்?"

ஆயுத பூஜைக்கு ஊருக்கு வரும்போது பேசுவோம் என்று அண்ணனுக்கு அனுப்பியிருந்தேன். போன வருடமும் அதையேதான் அனுப்பினேன். இன்று காலை காரணத்தைத் தாளில் எழுத உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம் ஆயிற்று, அரைப் பக்கம் வந்திருக்கிறது.